குளத்தின் மேற்காடும் கட்டின் கீழ்ச்சோலையும்

வன்னிப் பெருநிலத்திலே கமத்தொழில் குளத்தை நம்பியுள்ளது. குளமோ தனக்கு மேலேயுள்ள காட்டை நம்பியுள்ளது. இவ்விரண்டினுள் முதலாவதைக் கமக்காரர் அனைவரும் அறிவர். குளக்கட்டில் ஓர் உடைவு தோன்றினால் ஊர் திரண்டு மண்மூட்டை அடுக்குகின்றது. துருசு பழுதுற்றால் அடுத்த நாளே கமக்காரர் அமைப்பின் செயலாளர் கடிதம் எழுதுகின்றார். ஆனால் குளத்திற்கு மேலேயுள்ள காடு ஆண்டுக்கு ஆண்டு சிறிது சிறிதாகக் குறையும்பொழுது கடிதம் எழுதுவோர் இல்லை. சில ஆண்டுகள் சென்றபின், முன்னர் ஆவணி வரை நீர் நின்ற குளம் ஆனியிலேயே சேறாகக் கிடப்பதைக் கண்டு, மழை பொய்த்துவிட்டது என்று கூறுகின்றோம். மழை பொய்க்காத ஆண்டிலும் அவ்வாறே நிகழ்வதற்குக் காரணம் பெரும்பாலும் குளத்தின் அடியிலே படிந்த மண்ணாகும்.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் வீதியிலே, புதுக்குடியிருப்புப் பிரதேச செயலாளர் பிரிவில் அமைந்துள்ள உடையார்கட்டையும் அதன் அயற்கிராமங்களையும் மனத்திற்கொண்டு இத்துண்டுப்பிரசுரம் எழுதப்படுகின்றது. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்திலே போரினால் இப்பகுதி மக்கள் முற்றாக இடம்பெயர்ந்தனர். மக்கள் இல்லாத காலத்தில் வயல்களிலே பற்றை மண்டியது. மீளக் குடியேறிய காலத்திலோ வீட்டுக்கும் வேலிக்கும் விறகுக்கும் மரம் தேவைப்பட்டது. எவரையும் குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. கூரை இல்லாதவன் முதலிற் கூரையைத்தான் தேடுவான். இனி, வெட்டப்பட்ட இடத்திலே எதனை எவ்வாறு மீட்பது என்பதே கேள்வி.

குளத்தின் உறுப்புகள்

வரண்ட வலயத்துச் சிறுகுளங்களுட் பெரும்பாலானவை தனித்தனியாக அமைந்தவை அல்ல. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஓர் அருவியின் வழியே, மேற்குளத்தின் வான் நீரும் வயல்களின் கழிவு நீரும் அடுத்த குளத்தைச் சேரும்படி, ஒன்றன்கீழ் ஒன்றாக அவை கட்டப்பட்டுள்ளன. சிங்களத்தில் இதனை எல்லங்கா என்பர். பேராசிரியர் மத்தும பண்டார 1985ஆம் ஆண்டில் இக்குளத்தொடர்களை ஆராய்ந்து விளக்கியபின், அறிஞர் பலர் இவற்றின்பாற் கவனம் செலுத்தலாயினர். 2017ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு, இலங்கையின் குளத்தொடர்க் கிராம முறையை உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

இம்முறையிலே குளம் என்பது கட்டும் நீரும் மட்டுமன்று. அலைகரைக்கு மேலே, நீர் ஏறி இறங்கும் எல்லையிலே, ஒரு மரவரிசை இருத்தல் வேண்டும். சிங்களக் கிராமத்தவர் இதனைக் கஸ்கொம்மன என்று அழைப்பர். காற்று நீர்ப்பரப்பின்மேல் நேராக வீசாமல் இது தடுக்கின்றது. காட்டிலிருந்து வரும் வெள்ளம் புல்லினூடாக வடிந்து மண்ணை விட்டுவரும்படி ஒரு புற்றரை அமையும். அதன் பெயர் பெரஹன. இன்னும் மேலே காட்டினுள், வயலுக்கு நீர் பாய்ச்சாத ஒரு சிறுகுளம் இருக்கும். அது வண்டலைப் பிடித்து வைப்பதற்கும் காட்டு விலங்குகள் நீர் அருந்துவதற்கும் உரியது. விலங்குக்கெனத் தனியே ஒரு குளம் விட்ட முன்னோரின் கணக்கு இரக்கத்தினால் மட்டும் எழுந்ததன்று: மேலே நீர் இருந்தால் யானை கீழே இறங்குவதற்குள்ள காரணங்களில் ஒன்று குறையும்.

கட்டிற்குக் கீழே, கட்டின் அடிக்கும் முதல் வயலுக்கும் இடையில் ஈரமான ஒரு துண்டு நிலம் உண்டு. சிங்களத்தில் இது கட்டாக்கடுவ எனப்படும். கட்டினூடாகக் கசியும் நீர் இங்கே தங்கி, தான் கொண்டுவரும் உப்பையும் இரும்புச் சத்தையும் இந்நிலத்து மரஞ்செடிகளிடையே விட்டுச் செல்கின்றது. மருது, இலுப்பை, புங்கு, தாழை முதலியன இங்கே வளரும். குளத்தின் உறுப்புகளுள் மிகுதியாக அழிந்துபோனது இதுவே என்று கூறலாம். ஈரமும் வளமும் உள்ள நிலமாகையால், ஒருவர் இரண்டு பாத்தியை அதற்குள் நீட்டுகின்றார்; அடுத்த போகத்தில் அவருடைய அயலவர் நான்கு பாத்தியை நீட்டுகின்றார். இறுதியிலே கட்டின் அடி வரை வயலாகின்றது. பின்னர் மேல்வயல்களில் நெற்பயிர் மஞ்சளித்து, நீரின்மேல் துருப்போன்ற படலம் மிதக்கும்பொழுது, பசளை போதவில்லை என்று எண்ணி மேலும் யூரியா இடுகின்றோம். உப்பினாலும் இரும்பினாலும் வந்த கேட்டுக்கு யூரியா மருந்தாகாது.

காடு குளத்துக்கு என்ன செய்கின்றது?

இதனைச் சற்று விரிவாக நோக்குதல் நன்று. ஏனெனில் மிகைப்படுத்திக் கூறப்படும் செய்திகள் பல உள. காடு வளர்த்தாற் குளத்துக்கு வரும் நீர் பெருகும் என்று கூட்டங்களிற் சொல்வோர் உண்டு. அது சரியன்று. மரமும் நீரைக் குடிக்கின்றது. அடர்ந்த காட்டிலிருந்து வழிந்துவரும் நீர், வெட்டவெளியிலிருந்து வருவதைவிடச் சிறிது குறைவாகவே இருக்கும். காட்டினால் வரும் நன்மை வேறு.

வன்னி மேட்டுநிலங்களிற் பரவலாகக் காணப்படும் செங்கபில மண் கோடையிற் கல்லைப்போல் இறுகும். முதல் மழையிலே மேற்படை கரைந்து நீருடன் ஓடும். நிலத்தின்மேல் இலைச்சருகும் புல்லும் இருந்தால் மழைத்துளி மண்ணை நேரே தாக்குவதில்லை. அவை இல்லாத இடத்திலிருந்து ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்துடன் வரும் மண் குளத்திற் படிகின்றது. குளம் ஆழம் குறைந்து தட்டையாகின்றது. தட்டையான குளத்தில் நீர் அகன்று நிற்பதால், வெயிலும் காற்றும் அதனை விரைவிற் குடித்துவிடுகின்றன. கோடையிலே திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் நீர் ஆவியாகும் என்று கொண்டால், 100 நாட்களில் அரை மீற்றர், அதாவது ஏறத்தாழ 20 அங்குலம், மறைந்துவிடும். நான்கு அடி ஆழமுள்ள குளத்துக்கு இது பேரிழப்பு. பத்தடி ஆழமுள்ள குளத்துக்குத் தாங்கத்தக்கது. சிறுபோகம் செய்யலாமா, விடுவதா என்று தீர்மானிக்கும் கூட்டத்திலே பேசப்படுவது இந்த அரை மீற்றரைப் பற்றியேயாகும்.

தூர் வாரினாற் போதாதோ எனச் சிலர் வினவுவர். மேற்காடு மீளாமல் வாரப்பட்ட குளம் மீண்டும் நிரம்பும். மேலும், அளவுக்கு மிஞ்சித் தோண்டினால் அடியிலுள்ள களிப்படை உடைந்து நீர் கீழே இறங்கிவிடும். குளம் முழுவதையும் வாராமல், கட்டை அண்டிய பகுதியை மட்டும் அளவாக ஆழமாக்கும் முறையே தகுந்தது என மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றிய கலாநிதி பி. பி. தர்மசேன போன்றோர் விளக்கியுள்ளனர்.

மரக்கறித் தோட்டம் செய்வோருக்கும் இதிலே பங்குண்டு. பூசணி, பாகல், புடோல், வெள்ளரி ஆகியவற்றின் பூக்கள் தேனீக்களும் பிற பூச்சிகளும் வராமற் காய் பிடிப்பதில்லை. தேனீ மரப்பொந்திலே கூடு கட்டும். கத்தரிப் பூவை உலுக்கி மகரந்தத்தை உதிர்க்கும் கருவண்டு பட்ட மரத்தைத் துளைத்து வாழும். தோட்டத்துக்கு அண்மையில் முதிய மரமே இல்லாவிடின் இவற்றுக்கு இருப்பிடம் இல்லை.

பிறர் செய்த வேலைகள்

அனுராதபுர மாவட்டத்திலே கபிரிக்கம என்னும் குளத்தொடரை மீட்கும் வேலை 2013ஆம் ஆண்டு முதலாக நடைபெற்றது. இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியமும் கமநல அபிவிருத்தித் திணைக்களமும் கமக்காரர் அமைப்புகளுடன் சேர்ந்து இதனை மேற்கொண்டன. கட்டுகளைத் திருத்தியதுடன் வேலை நின்றுவிடவில்லை. மேற்புறத்து மரவரிசையும் கட்டின் கீழ்ச்சோலையும் உள்நாட்டு மரங்களைக் கொண்டு மீண்டும் அமைக்கப்பட்டன. அங்கே கவனிக்கத்தக்கது, ஒரு குளத்துக்கு ஓர் அமைப்பு என்று நில்லாமல், தொடர் முழுவதையும் ஒன்றாகக் கருதி ஊரவர்கள் கூடியமையாகும். மேற்குளத்தார் காட்டை வெட்டினாற் கீழ்க்குளத்தாரின் குளம் மேடாகும். ஆகவே மேற்குளத்தாரும் கீழ்க்குளத்தாரும் ஒரே பாயில் அமர்ந்து பேசாமல் இவ்வேலை நடவாது.

மரங்கள் மீள வளரும் முறைபற்றி நாம் கற்கவேண்டிய பாடம் தம்புள்ளைக்கு அருகே, கண்டலம வீதியில் உள்ளது. சாம் பொப்பம் என்னும் ஆங்கிலேயர் 1963ஆம் ஆண்டில் அங்கே பற்றை மண்டிய ஒரு காணியை வாங்கிக் காடாக்க முயன்றார். முதலிற் கன்றுகளை நட்டுப் பார்த்தார். அவற்றுட் பல பிழைக்கவில்லை. பின்னர், அக்காணியின் முட்பற்றைக்குள்ளேயே உள்நாட்டு மரக்கன்றுகள் தாமாக முளைத்து, ஒளியின்றி ஒடுங்கி நிற்பதைக் கண்டார். கன்றுகளை விட்டுவிட்டு, அவற்றை நெருக்கிய பற்றையை மட்டும் வெட்டிவந்தார். மரங்கள் எழுந்து நிழல் தந்ததும் பற்றை தானாகவே அடங்கிற்று. 1989ஆம் ஆண்டில் அக்காடு அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. பொலித்தீன் பையும் நீர்ப்பவுசரும் வேண்டாத இம்முறை, பணமில்லாத கிராமத்துக்கு மிகவும் ஏற்றது. வன்னியிலே காடு வெட்டிய நிலங்களிற் பலவற்றில் அடிக்கட்டைகளும் வேர்களும் உயிருடன் உள்ளன. காடு நிலத்தினுள்ளே காத்திருக்கின்றது. கட்டாக்காலி மாடும் தீயும் அதனை எழவிடாமல் வைத்திருக்கின்றன.

வேரும் இல்லாமற் போன நிலத்துக்கு வேறு வழி தேவை. கடலுக்கு அப்பால், புதுச்சேரியை அடுத்த ஆரோவில் 1968ஆம் ஆண்டில் நிறுவப்பட்டபொழுது அந்த மேட்டுநிலம் செம்மண் பொட்டலாகவும், மழைநீர் அறுத்த பள்ளங்கள் நிறைந்ததாகவும் கிடந்தது. அங்கே குடியேறியோரும் அயற்கிராமத்துத் தொழிலாளரும் முதலில் வரம்பு கட்டி மழைநீரை நிலத்திலேயே நிறுத்தினர். பின்னர் விரைவில் வளரும் மரங்களால் நிழல் உண்டாக்கி, அந்நிழலிலே அப்பகுதிக்குரிய காட்டு மரங்களை வளர்த்தனர். அக்காட்டு மரங்கள் நமக்குப் புதியனவல்ல. பாலையும் வீரையும் அங்கேயும் உள்ளன. சோழமண்டலக் கரையின் உலர்காடும் வன்னிக்காடும் நெருங்கிய உறவுடையவை. அக்கரையிலே பெருங்காடு அழிந்தபின்பும், புத்துப்பட்டு ஐயனார் கோயிற் காடு போன்ற தெய்வக் காடுகளில் அம்மரங்கள் எஞ்சி நின்றன. நமது குளக்கட்டுகளிலும் ஐயனார் கோயிலும் பிள்ளையார் கோயிலும் உள்ளன. அங்கே எவரும் வெட்டத் துணியாது விட்ட முதுமரங்களே நமக்கு விதைத்தாய் மரங்களாகும்.

எந்த மரத்தை நடுவது?

மேட்டுக்காட்டிற் பாலை, வீரை, முதிரை, கருங்காலி, கொன்றை, ஆத்தி, விளா, வேம்பு. ஈரமான இடத்தில் மருது, புங்கு, நாவல். இரண்டுக்கும் இடையில் இலுப்பை. தேக்கு நல்ல மரந்தான், வருமானமும் தரும். ஆயினும் தேக்கந்தோட்டம் காடு ஆகாது. அதன் அகன்ற இலையிலிருந்து சொட்டும் பெருந்துளி, கீழே புல் இல்லாவிடின் மண்ணை அரிக்கும். யூக்கலிப்டசைக் குளத்தருகில் நடவே கூடாது. இப்பில் இப்பில் ஆட்டுத்தீனுக்கு நன்று. ஆனால் எல்லையின்றிப் பரவும். நாயுண்ணியையும் பாதீனியத்தையும் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

பாலையும் வீரையும் வைகாசி முதல் ஆடி வரையிலே பழுக்கின்றன. அப்பழத்தைக் கரடியும் குரங்கும் பறவையும் உண்டு விதையைப் பரப்புகின்றன. நம் பிள்ளைகளும் உண்கின்றார்கள். பிள்ளைகள் துப்பும் விதையைச் சேர்க்கச் சொன்னாலே நாற்றுமேடைக்குப் போதும். பாலை மிக மெதுவாக வளரும் மரம். நடுபவர் அதனைப் பெருமரமாகக் காண்பது அரிது என்பதை முன்னரே அறிந்து நடுதல் வேண்டும். இலுப்பை, வேம்பு, நாவல் விதைகளைச் சேமித்து வைத்தல் ஆகாது. முளைக்கும் திறன் சில வாரங்களிற் கெடும். ஆதலால் விழுந்தவுடன் சதையை நீக்கி விதைக்க வேண்டும். கொன்றை விதையின் தோல் தடித்தது. அதனைச் சுடுநீரில் இட்டு, ஆறியபின் ஓரிரவு ஊறவைத்து விதைத்தல் நன்று. பைக்கு மேல்மண் இரண்டு பங்கும், மணல் ஒரு பங்கும், உக்கிய மாட்டெரு ஒரு பங்கும் போதுமானவை. கன்று ஒன்றரை அடி முதல் இரண்டடி வரை வளர்ந்து, ஐப்பசி மழையில் நிலம் நன்றாக நனைந்தபின்னரே நடுதல் வேண்டும். நடுவதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே நீர் ஊற்றுவதைக் குறைத்துக் கன்றை வெயிலுக்குப் பழக்குக.

குளக்கட்டின் மேலே புதிதாக மரம் நடலாகாது. பெரிய வேர் இறந்து உக்கியபின் அதன் வழியே கட்டிற் பொந்து உண்டாகும். கீழ்ச்சோலையையும் கட்டின் அடியிலிருந்து எவ்வளவு விலக்கி அமைப்பது என்பதைத் தொழினுட்ப உத்தியோகத்தரிடம் கேட்டு அடையாளமிட்டுக்கொள்க. அவ்வாறே, குளம் வற்றும்பொழுது வெளிப்படும் அலைகரைப் புற்றரையிலும் மரம் நடுதல் தவறு. கோடையில் மாட்டுக்கும் யானைக்கும் அதுவே தீன்.

யானையும் பன்றியும்

காட்டை வளர்த்தால் யானை வருமன்றோ என்பது ஒவ்வொரு கூட்டத்திலும் எழும் வினா. நியாயமான வினாவுமாகும். இலங்கையில் அண்மைய ஆண்டுகளில் யானையால் ஆண்டுதோறும் நூற்றுக்கு மேற்பட்ட மனிதரும், மனிதரால் பல நூறு யானைகளும் உயிரிழக்கின்றனர். யானை விரும்புவது முதிர்ந்த அடர்காட்டைவிடப் புல்லும் இளம்பற்றையும் கலந்த நிலத்தையே. ஆகவே குளத்தைச் சுற்றிய ஒரு மரவரிசை புதிதாக யானையை அழைப்பதில்லை. எனினும் வந்துகொண்டிருக்கும் யானையை அது நிறுத்தவும் மாட்டாது. அதற்கு வேலி வேண்டும். குருநாகல் மாவட்டத்தின் கல்கமுவப் பகுதியிலே கமக்காரர் தாமே பராமரிக்கும் வயல் மின்வேலிகள் நற்பயன் தந்துள்ளன. விதைப்புக் காலத்தில் அவற்றை நாட்டி, அறுவடை முடிந்ததும் கழற்றி வைக்கின்றனர். அதன்பின் வயலில் எஞ்சும் தாளை யானை மேய்ந்து செல்கின்றது. 2020ஆம் ஆண்டில் ஆக்கப்பட்ட தேசியச் செயற்றிட்டமும் ஊரவர் பொறுப்பிலுள்ள இத்தகைய வேலிகளையே முதன்மையாகப் பரிந்துரைத்தது. வீட்டு மின்கம்பியிலிருந்து நேரே மின் எடுத்து வேலிக்கு விடுதல் யானையை மட்டுமன்று, அயலவரையும் கொல்லும். அது சட்டப்படி குற்றமாகும்.

பன்றிக்கும் குரங்குக்கும் மயிலுக்கும் இவ்வளவு தெளிவான விடை கிடையாது. மரக்கறித் தோட்டத்தை ஒட்டிப் பழமரங்களை நடாமலும், தோட்டத்துக்கும் மரவரிசைக்கும் இடையில் வெளியான ஒரு துண்டை விட்டும் அவற்றின் தொல்லையைக் குறைக்கலாம், ஒழிக்க இயலாது. அத்தொல்லையின் சுமை காட்டோரக் காணிக்காரர்மேலேயே விழுகின்றது. ஆகையால் காவலுக்கு முறைவைக்கும்பொழுது நடுவெளிக் காணிக்காரரும் பங்கேற்றல் நீதியாகும்.

காணிபற்றிய ஐயம்

வாய்விட்டுச் சொல்லாவிடினும் பலர் மனத்திலுள்ள அச்சம் ஒன்றுண்டு. இன்று மரம் நட்டால் நாளை அக்காணி வனப்பகுதி என்று எல்லைக்கல் இடப்படுமோ என்பதே அது. மீளக் குடியேறிய காணிகளின் எல்லைபற்றி வன்னியிலே பிணக்குகள் இருந்துவருவதால், இவ்வச்சத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. ஆகவே வேலையைத் தொடங்குமுன் எல்லையைத் தீர்மானிக்க வேண்டும். குளத்துக்குரிய ஒதுக்கு நிலத்தினுள் மட்டும் நடுக. ஒருவரின் பயிர்க்காணியோ உரிமை தீராத காணியோ அதனுட் சேரலாகாது. 80 ஹெக்டேயருக்கு, அதாவது 200 ஏக்கருக்கு, மேற்படாத வயற்பரப்புடைய சிறுகுளமாயின் கமநல சேவை நிலையத்திடமும், அதனிலும் பெரிய குளமாயின் நீர்ப்பாசனத் திணைக்களத்திடமும் எழுத்து மூலம் இசைவு பெறுதல் வேண்டும். பிரதேச செயலாளர், வனவளத் திணைக்கள உத்தியோகத்தர், கிராம அலுவலர் ஆகியோர் முன்னிலையில் எல்லையை நடந்து பார்த்து, கூட்டக் குறிப்பில் எழுதி, எல்லோரும் கையொப்பமிடுக. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ்ப் பதிவுபெற்ற கமக்காரர் அமைப்பு இதனைச் செய்வதற்குத் தகுதியுடையது.

மிதிவெடி அகற்றப்பட்டதாக உறுதிசெய்யப்படாத நிலத்தில் எவரும் மண்வெட்டி வைத்தல் கூடாது. அகற்றப்பட்ட நிலத்திலும் ஐயத்துக்குரிய பொருளைக் கண்டால் தொடாது, இடத்தை அடையாளமிட்டு, கிராம அலுவலருக்கோ பொலிஸாருக்கோ உடனே அறிவிக்குக. பிள்ளைகளை விதை சேர்க்க அனுப்பும்பொழுது கோயிற் சுற்றாடலுக்கும் ஊர்ப்பாதை ஓரத்துக்கும் அப்பால் அனுப்பலாகாது.

முதலாண்டு வேலை

முதலாண்டிலே பெரிய பரப்பைத் தொடவேண்டாம். அலைகரைக்கு மேலே இரண்டு ஏக்கரைத் தெரிந்துகொள்க. ஆவணியில் அந்நிலத்தை நடந்து, தாமாக எழுந்துள்ள பாலை, வீரை, முதிரைக் கன்றுகளுக்குப் பக்கத்திலே ஒவ்வொரு தடி நாட்டி, தடியின் தலையிற் சீலைத்துண்டு கட்டுக. காட்டு மரத்தைக் கன்றிலேயே இனங்காணக்கூடிய முதியோர் ஒவ்வோர் ஊரிலும் இருவர் மூவர் இருப்பர். அவர்களை முன்னே நடக்கவிடுக. புரட்டாதியிலே அடையாளமிட்ட கன்றைச் சுற்றி மூன்றடிக்குப் பற்றையை வெட்டி, வெட்டியதை அங்கேயே மூடாக்காக இடுக. அடிக்கட்டையிலிருந்து பல தளிர்கள் எழுந்திருந்தால் நேரான ஒன்றிரண்டை விட்டு ஏனையவற்றைக் கழிக்க. பற்றை முழுவதையும் வெட்டி எரித்தல் ஆகாது. அதன் நிழலிலேயே அடுத்த ஆண்டுக் கன்றுகள் முளைக்கும். கன்று ஒன்றும் காணாத வெற்றிடத்தில் மட்டும் ஐப்பசியில் எட்டு முதல் பத்தடி இடைவெளியில் நடுக.

மாட்டைத் தடுக்காமல் எதுவும் எழாது. இரண்டு ஏக்கரைச் சுற்றி அலம்பல் வேலியிட்டு, அதனூடே கிளுவைக் கதியால் நட்டால் இரண்டாம் ஆண்டில் அது உயிர்வேலியாகும். அவ்வழியாக மாடு நீருக்குச் செல்வது வழக்கமாயின் ஒரு பாதையை விட்டே வேலியிடுக. பாதையை அடைத்தால் மாட்டுக்காரர் வேலியைப் பிரிப்பார், அவரைக் குறைசொல்லவும் இயலாது. வைகாசிக்கு முன்னே சுற்றிவர பத்தடி அகலத்துக்குச் சருகைக் கூட்டித் தீத்தடை அமைக்க.

நீர் குளத்தினுள் நுழையும் வாயிலிலே, அடி அடியாகக் கோடிட்ட ஒரு முதிரைக் கட்டையை ஆழமாக நாட்டுக. ஒவ்வோர் ஆண்டும் குளம் வற்றியபின் மண் எந்தக் கோடு வரை ஏறியுள்ளது என்பதைக் கமக்காரர் அமைப்பின் கூட்டப் புத்தகத்தில் எழுதிவருக. கட்டைக்கும் கோடிடுவதற்கும் செலவு மிகச் சிறிது; முதற்கணக்கை இவ்வாண்டு ஆவணியிலேயே எழுதலாம்.